பேசாத இருவரும் ஒரு முனைவர் பட்டமும்

நான் ஓய்வு பெற்ற துறையில் இப்போது விரிவுரையாளராக இருக்கும் கவிதா போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள்.

"மேடம், ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். ஃபில் பண்ணி விட்டுடுங்க. இன்னும் கொஞ்சம் பேர் அனுப்பிட்டா என் ஃபீல்டு ஒர்க் முடிஞ்சிடும்."

எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். பட்டாபிராமில், தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி பேசுகிறாளாம். சரி, நீ ஆய்வு செய்கிற மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது தெரியாது மேடம். லிங்க்ல அந்தக் கேள்வியைப் போட மறந்துட்டேன்."

நல்ல பெண். கோபித்துக்கொள்ள முடியவில்லை. லிங்க்கைத் திறந்தேன். 'அண்டை வீட்டாருடன் உங்கள் உறவு எப்படி?' என்று ஒரு கேள்வி. மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நான்கு வட்டங்கள். விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வட்டத்திலும் அடங்காத ஓர் உறவைப் பற்றி எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன். அவளை மறுபடி அழைத்து அதைச் சொன்னதும், "எப்படி மேடம்? சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். அதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஆவடி சேக்காட்டில். அப்பா ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். எம்.ஏ., எம்.ஃபில். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலில் போனேன், ரயிலில் வந்தேன், நடுவில் நோட்ஸ் எடுத்தேன். ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. முனைவர் பட்டம் வாங்கினால் நிரந்தரம் செய்வோம் என்றார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்: "பிலோமினா டாக்டருக்குப் படிக்குது." எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். "மனுசனுக்கு இல்ல, சமூகத்துக்கு டாக்டர்" என்பார் அப்பா. "சமூகத்துக்கு இன்னா உடம்பு?" என்று அடுத்த கேள்வி வரும். அப்பா என்னைப் பார்ப்பார். நான் கோபுரத்தைப் பார்ப்பேன்.

என் வழிகாட்டி பேராசிரியர் தணிகாசலம். அவருக்குச் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குவது வீண் என்று அவர் நினைத்ததால், ஆய்வு மாணவர்களை நடக்கும்போது மட்டுமே பார்ப்பார். பல்கலைக்கழக மைதானத்தை ஒருமுறை சுற்றிவரும் நேரம் ஒரு மாணவருக்கு. அவருக்கு இடது காதுதான் நன்றாகக் கேட்கும் என்பதால் இடப்பக்கம் நடக்க வேண்டும். எழுதியதை அவர் கையில் வாங்கவே மாட்டார். நாம்தான் நடந்துகொண்டே உரக்கப் படிக்க வேண்டும். கடற்காற்று தாளைப் பிடுங்கும். அடிக்குறிப்புகளைத் துரத்திக்கொண்டு நான் ஓடும்போது அவர் நிற்க மாட்டார். திரும்ப வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். சுற்று முடிகிற இடத்தில் அடுத்த மாணவர் தாளோடு தயாராக நிற்பார்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொல்வது ஒரே ஒரு வார்த்தை.

"அதனால?"

கடுமையாகச் சொல்ல மாட்டார். சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பதுபோல அவ்வளவு மென்மையாகக் கேட்பார். அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் என் சீனியர் ஒருவர் ஆய்வை விட்டுவிட்டு வங்கியில் சேர்ந்துவிட்டார். "அங்க யாரும் 'அதனால'ன்னு கேக்கறதில்ல, பிலோ" என்று பிறகு ஒருநாள் நிம்மதியாகச் சொன்னார்.

நான் எடுத்த தலைப்பு சண்டை. வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டு வசதி வாரியத்தின் அடுக்குமாடியில் ஒரே படிக்கட்டையும் ஒரே அடிபம்பையும் பங்குபோட்டுக்கொள்ளும்போது எதற்காகச் சண்டை போடுகிறார்கள், எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பது. முகப்பேரில் ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

"சண்டை நடக்குமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நிறைய நடக்கும் சார்" என்றேன். சேக்காட்டில் எங்கள் லைன் வீடுகளில் வளர்ந்தவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

முகப்பேரில் நான் கதவைத் தட்டிய முதல் நாள், முதல் மாடியில் எல்லா வீடும் சாத்தியிருந்தது. ஒரு வீட்டுக்குள் தாளிக்கிற சத்தம் கேட்டது. தட்டினேன். "ஊட்ல யாரும் இல்ல" என்று உள்ளிருந்து பதில் வந்தது. தவணை பாக்கிக்கு வந்த வாரியத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்று நினைத்து ஒரு கிழவர், "எங்களுக்கு அந்தப் பிரச்சினையெல்லாம் தீந்து ரொம்ப நாளாச்சும்மா" என்று கைகூப்பினார்.

கல்லூரி டீச்சர், படிப்புக்காக வந்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகு வந்தது அதைவிடப் பெரிய சங்கடம். என் வினாத்தாளில் முக்கியமான கேள்வி, 'கடைசியாக எப்போது, யாருடன், எதற்காகச் சண்டை போட்டீர்கள்?' என்பது. அதைக் கேட்டதும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"சண்டையா? இங்கயா? சேச்சே!"

பிளாக் சங்கத்துச் செயலாளர் மட்டும் எனக்கு உதவ நினைத்தார். "சண்டை வேணும்னா எதிர் பிளாக்குக்குப் போங்க டீச்சர். தெனமும் கீது." எதிர் பிளாக்குக்குப் போனேன். அங்கே இந்த பிளாக்கைக் கை காட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது கீழே அடிபம்பில் குரல் உயர்ந்தது. குடம் உருளும் சத்தம். "யாரப் பாத்துடி சொன்னே?" என்று ஒரு முழக்கம். நான் பேனாவைத் திறந்தபடியே படிகளில் தாவி இறங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு பெண்கள் வரிசையாக, கோயிலில் நிற்பதுபோல் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க போனப்புறம் வெச்சிக்கறோம்."

பக்கத்தில் நின்றிருந்த செயலாளர் மனம் நெகிழ்ந்து சொன்னார்: "நீங்க வர ஆரம்பிச்சதுலேந்து பிளாக்கே அமைதியாயிடுச்சு டீச்சர். ஞாயித்துக்கிழமையும் முழுசா வந்துட்டீங்கன்னா ரொம்ப ஒத்தாசையா இருக்கும்."

பேராசிரியரிடம் போய் இதைச் சொன்னேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார். பிளாக்கே பெருக்கித் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலம் போட்டு அவரை வரவேற்றது. சர்க்கரை என்று அவர் சொல்லச் சொல்ல, கேசரியும் பாயசமும் கொடுத்தார்கள். எல்லாரும் மாற்றி மாற்றி, "இங்க சண்டையே கிடையாது சார். டீச்சர் நல்லா எழுதட்டும்" என்று உறுதி சொன்னார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் சொன்னார்: "மிஸ் பிலோமினா, சண்டை போடாத மக்களைப் பற்றிச் சண்டை என்ற தலைப்பில் எழுத முடியாது. உங்களுக்குப் பதிவு நீட்டிப்பு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் ஏதாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது."

அன்று சேக்காட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. பட்டம் போனால் வேலை போகும். அதைவிட, கோயில் வாசலில் அப்பா என்ன சொல்வார்? சமூகத்துக்கு உடம்பு சரியாகிவிட்டது, இனி டாக்டர் வேண்டாம் என்றா?

அந்த பிளாக்கில் எனக்குச் சோறு போட்ட வீடுகள் இரண்டு. மாடியில் சகுந்தலா அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில்தான் வேலை. பேச்சில் பட்டாசு. சரியாக அவருக்குக் கீழ்வீட்டில் நூர்ஜஹான் அக்கா. கணவருக்குப் பூந்தமல்லியில் துணிக்கடை. அவர் குரலே வெளியே கேட்காது, ஆனால் சொன்னால் சொன்னதுதான். மதியச் சாப்பாடு மேலே, சாயங்காலத் தேநீர் கீழே என்று எனக்கு வழக்கமாகிவிட்டது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஏதாவது ஒரு சாமானோ சேதியோ கொடுத்தனுப்புவார்கள். இருவரும் என் வினாத்தாளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டவர்கள். சண்டை கிடையாது.

பேராசிரியர் வந்துபோன அடுத்த வாரம் சகுந்தலா அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், சாப்ட்டுட்டு கீழ தான போறீங்க? கேஸ் சிலிண்டர் ஒண்ணு ஜாஸ்தியா கீது, வேணுமான்னு கேட்டுட்டு வாங்க."

"ஜன்னல்லேந்து கூப்பிட்டாலே கேக்குமேக்கா. நீங்களே கேளுங்களேன்."

"நாங்க பேசறதில்ல."

வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். முகத்தில் கோபமே இல்லை. நான் கீழே போனேன்.

"வேணும்னு சொல்லும்மா" என்றார் நூர்ஜஹான் அக்கா. "அப்படியே அவங்க வீட்டுக்காரருக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னும் கேட்டுட்டு வா. ஒரு தைலம் இருக்கு."

மேலே ஏறினேன். "பரவால்ல, தைலம் குடுத்தா தேச்சிவிடறேன்னு சொல்லுங்க." இறங்கினேன். தைலத்தோடு ஏறினேன். அதை எப்போது தேய்க்க வேண்டும் என்று கேட்டுவர மறுபடி இறங்கினேன். படிக்கட்டின் நடுவில், ஒரு கையில் தைல பாட்டிலோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ மாதங்களாக நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். என் காலடியில் கிடந்ததைத் தாண்டித் தாண்டிப் போய் அடிபம்பில் சண்டை தேடியிருக்கிறேன்.

வாசலில் துணி தேய்க்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மின்னாடி எல்லாம் நான்தான் டீச்சர் ஏறி எறங்குவேன். தபால்காரர், கீரைக்காரம்மா, எல்லாரையும் இட்டுக்கினு போய் நிறுத்துவாங்க. நீங்க வந்தப்புறம்தான் எங்க கால் தப்பிச்சுது."

அதன் பிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். அந்தப் பேசாமைக்கு அத்தனை ஒழுங்குகள் இருந்தன. தண்ணீர் லாரி வந்தால் சகுந்தலா அக்கா மாடியிலிருந்து தொட்டிச் செடியைப் பார்த்து, "லாரி வந்துடுச்சு, வேண்டியவங்க குடத்த எடுத்துக்கினு போலாம்" என்று சத்தமாகச் சொல்வார். செடியிடம் சொன்னால் பேசியதாகக் கணக்கில்லை. கீழ்வீட்டுக் கதவு உடனே திறக்கும். ரம்ஜானுக்குப் பிரியாணியும் பொங்கலுக்குக் கரும்பும் போகும், வரும். ஆனால் பாத்திரத்தை மூன்றாவது ஆள் ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும். பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. கணவன்மாருக்கு இதில் பங்கே இல்லை. இருவரும் தினமும் காலையில் ஒரே செய்தித்தாளைக் கிழித்துப் பாதி பாதியாகப் படித்துக்கொண்டு வாசலில் உலக விஷயம் பேசுவார்கள்.

ஒருமுறை சகுந்தலா அக்காவின் கணவர் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நூர்ஜஹான் அக்கா இரண்டு நாள் அங்கேயே கூட உட்கார்ந்திருந்தார். நான் போனபோது இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். "நர்ஸம்மா, இவங்கள ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்க" என்றார் நூர்ஜஹான் அக்கா. "பசிக்கலன்னு சொல்லுங்க நர்ஸம்மா" என்றார் சகுந்தலா அக்கா. நடுவில் நின்ற நர்ஸ், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவது என்று யோசிப்பவர்போல இருந்தார்.

காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அதுவும் வந்தது, இருவரிடமிருந்தும் தனித்தனியாக.

நூர்ஜஹான் அக்காவின் மகள் ஷமீமைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், வழக்கம்போல மாடிவீட்டிலும் விசாரித்திருக்கிறார்கள். சகுந்தலா அக்கா மனமாரப் புகழ்ந்திருக்கிறார். "தங்கமான பொண்ணு. யாரும் ஏமாத்த முடியாது. மனசுல பட்டத நறுக்குனு மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவா." போனவர்கள் திரும்பி வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

"ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேனே டீச்சர்" என்று சகுந்தலா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வாய வெச்சிக்கினு எந்த மூஞ்சியோட போய்ப் பேசுவேன்? அவங்ககிட்ட இத சொல்லிடாதீங்க."

அன்று சாயங்காலமே கீழ்வீட்டில் தேநீரை ஆற்றிக்கொண்டு நூர்ஜஹான் அக்கா சொன்னார்: "அந்த மாப்பிள்ளை வேற ஒரு பொண்ணைக் கட்டி, ஒரே வருஷத்துல திருப்பி அனுப்பிட்டானாம்மா. என் பொண்ணு இப்ப அம்பத்தூர்ல ராணி மாதிரி இருக்கா. அல்லா காப்பாத்தினான். அதுவும் மேல்வீட்டு வாயாலயே காப்பாத்தினான். ஆனா இத்தினி வருஷம் பேசாம இருந்துட்டு, இப்ப நானா எப்படிப் போய் நிக்கிறது? நீ அவங்ககிட்ட சொல்லிடாத."

நான் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில், ஒரு மாடிப் படிக்கட்டுத் தூரத்தில், இரண்டு பேர் சொன்னதையும் மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன். சிலிண்டரையும் தைலத்தையும் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு இந்த ஒன்றை மட்டும் கொண்டுபோக அனுமதி இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன்.

"வாக்கு கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன் சார்."

"அப்படியானால் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. காரணம் இல்லாமல் எழுதுங்கள்."

எழுதினேன். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க அந்தப் பேசாமையின் ஒழுங்குகள்தான். கீழ்வீட்டாருக்கு மிஸஸ் ஏ என்றும் மேல்வீட்டாருக்கு மிஸஸ் பி என்றும் பெயர் வைத்தேன். மைதானத்தில் அதை வாசித்துக்கொண்டே போனபோது, செடியிடம் பேசுகிற பக்கம் வந்ததும் பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பேராசிரியர் தணிகாசலம் நின்றுவிட்டிருந்தார். அத்தனை வருடத்தில் அந்த மைதானத்தில் அவர் நின்று நான் பார்த்தது அப்போதுதான். "படியுங்கள்" என்றார். படித்து முடித்தேன். 'அதனால?' வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. "தட்டச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

வாய்மொழித் தேர்வு என்பது யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பு ஒட்டி நடத்துவது. வழக்கமாக டீக்கும் மிக்சருக்கும் நாலு மாணவர்கள் வருவார்கள். "யாரு வேணா வரலாமா டீச்சர்?" என்று சகுந்தலா அக்கா கேட்டபோது, ஆமாம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதையே கீழ்வீட்டிலும் கேட்டார்கள். அங்கேயும் ஆமாம் என்றேன்.

அன்று அறைக்குள் நுழைந்தபோது இரண்டாவது வரிசையில் பட்டுப்புடவையில் சகுந்தலா அக்கா. கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு நூர்ஜஹான் அக்கா. ஒரே பேருந்தில், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக வந்திருக்கிறார்கள்.

வெளித்தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். தமிழர்தான். டை கட்டியிருந்தார். முதல் மூன்று இயல்களை விறுவிறுவென்று முடித்துவிட்டு நான்காம் இயலுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பல வருடங்களாகப் பேசாத இரண்டு பெண்கள். ஆனால் சிலிண்டர் தருகிறார்கள், ஆஸ்பத்திரியில் உடன் இருக்கிறார்கள். இதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. எதனால் பேச்சு நின்றது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார்."

"காரணமே இல்லாத ஒரு சண்டை. சண்டையே போடாத இரண்டு எதிரிகள். மன்னிக்க வேண்டும், இது களத்தில் எடுத்ததா, ஆய்வாளரின் கற்பனையா?"

கற்பனை என்பது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமமான வார்த்தை. பேராசிரியர் தணிகாசலம் மேசைக்கு அடியில் காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

"டீச்சர் பொய் சொல்லாது சார்."

சகுந்தலா அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"நீங்கள் யார் அம்மா?"

"நான்தான் சார் அந்தப் பொம்பள. மாடி ஊடு."

தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். "மிஸஸ் பி?"

"பி-யா? அப்ப கீழ்வூடு?"

"மிஸஸ் ஏ."

"இன்னா டீச்சர் இது! அவங்களுக்கு ஏ, எனக்கு பி-யா?"

கடைசி வரிசையிலிருந்து மென்மையான குரல் வந்தது. "சார், கீழ்வீடு முதல்ல வருது, மாடி அப்புறம்தான வருதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

தேர்வாளர் திகைத்தார். "நீங்களே சொல்லலாமே. இதோ இங்கேதானே இருக்கிறார்."

"நாங்க பேசறதில்ல சார்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

மாணவர் ஒருவருக்கு மிக்சர் புரையேறியது. தேர்வாளர் வேறு வழியில்லாமல் சகுந்தலா அக்கா பக்கம் திரும்பி, "கீழ்வீடு முதலில் வருகிறது என்கிறார்" என்றார்.

"அது சரின்னு சொல்லுங்க சார்." சகுந்தலா அக்கா உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். குரல் இறங்கியது. "காரணம் கேட்டீங்களே சார். டீச்சர் சொல்லாது, நான் சொல்லிடறேன். அவங்க பொண்ணப் பத்தி நான்தான் ஒரு வார்த்த விட்டேன். நல்லதுன்னு நெனச்சுதான் சொன்னேன். அந்த எடம் தட்டிப்போச்சு. அவங்ககிட்ட சொல்லுங்க சார், நான் வேணும்னு பண்ணல. மனசுல வெச்சிக்க வாணாம்னு."

தேர்வாளர் மெல்லத் திரும்பினார். கையில் இருந்த கண்ணாடியை மடக்கி வைத்தார். "அவர்... வேண்டுமென்று செய்யவில்லையாம் அம்மா. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார்."

நூர்ஜஹான் அக்கா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்தார்.

"அந்த எடம் தட்டிப்போனதுதான் சார் என் பொண்ணுக்கு நல்லதாச்சு. அவங்க வாயாலதான் என் பொண்ணு தப்பிச்சா. நான் தெனமும் துவா கேக்கும்போது அவங்களையும் சேத்துதான் கேக்கறேன்னு சொல்லுங்க."

தேர்வாளர் தண்ணீர் தம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னார். எல்லாருக்கும் காதில் விழுந்ததைத்தான் அவர் சொன்னார், இருந்தும் அவர் சொல்லும்வரை சகுந்தலா அக்கா காத்திருந்து, சொல்லி முடித்த பிறகுதான் அழுதார்.

"வேறு கேள்விகள் உண்டா?" என்று கேட்டார் பேராசிரியர் தணிகாசலம்.

தேர்வாளர் தலையசைத்து இல்லை என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைத்த அறிக்கையில், 'தரவுகள் தேர்வாளர் முன்னிலையில் நேரடியாக உறுதி செய்யப்பட்டன' என்று ஒரு வரி எழுதினார். அப்படி ஒரு வரி வேறு யாருடைய அறிக்கையிலும் இருக்க வாய்ப்பில்லை.

மூவரும் ஒன்றாகப் பேருந்தில் ஏறினோம். ஆவடி போகிற வண்டி. அவர்கள் முகப்பேரில் இறங்க வேண்டும், நான் கடைசிவரை. மூன்று பேர் இருக்கையில் நான் நடுவில். ஒருவர் ஜன்னலையும் ஒருவர் கம்பியையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அறையில் அத்தனை பேசியும், கீழே இறங்கியதிலிருந்து ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் ஓய்ந்திருந்தது. அண்ணா நகர் தாண்டியதும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினேன். தூங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல்.

"தூங்கிடுச்சா?"

அவர்கள் கணக்கில் நடுவில் நான் தூங்குகிறேன். கண்டக்டர் முன்னால் நிற்கிறார். செடி எதுவும் இல்லை. அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாருமே இல்லை. பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆளை ஏற்றி, மறுபடி கிளம்பும்வரை பதில் வரவில்லை.

"தூங்கிடுச்சு போலகீது" என்றார் சகுந்தலா அக்கா.

"பாவம். காலையிலேந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்காது."

"ஆமா."

என் நான்காம் இயல் என் மடியிலேயே கிடந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்ட அன்றைக்கே, இரண்டு பக்கத்திலும் அது பொய்யாகிக்கொண்டிருந்தது. நான் மூச்சைக்கூட ஒழுங்காக, தூங்குகிறவள் மாதிரி விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஷமீம் எப்படி கீறா?"

"நல்லா இருக்கா. மாசமா இருக்கா."

"ஐய! சொல்லவேயில்ல! எத்தினி மாசம்?"

"அஞ்சு. ஊறுகா ஊறுகான்னு உயிர வாங்கறா."

"மாவடு போட்டு வெச்சிருக்கேன். டீச்சர்கிட்ட குடுத்து அனுப்..." சகுந்தலா அக்கா நிறுத்தினார். "நானே எடுத்தாறேன். நாளிக்கு."

"வாங்க" என்றார் நூர்ஜஹான் அக்கா.

கண்டக்டர் முகப்பேர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பியது.

"நம்ம ஸ்டாப்பு போயிடுச்சே. டீச்சர எழுப்பலாமா?"

"தூங்கட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டுல எறங்கிப் பேசிக்கினே நடந்துடலாம்."